மலை முத்திரையிட்ட மூன்று ஒப்பந்தங்கள்

இனி வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் பெயர் செதுக்கிய முத்திரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கேட்டால் வரிக்கு வரி குத்தித் தருவேன். மாகாண சாலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், தொகுமாரு. எங்கள் அலுவலகத்தில் யாரும் வாயால் சத்தியம் செய்வதில்லை. முத்திரை குத்துவோம், அவ்வளவுதான். அப்படிக் குத்திய எதுவும் பொய் என்று இன்றுவரை எவரும் நிரூபித்ததில்லை.

ஷிகோகு தீவின் நடுமுதுகில் ஷிரகுபி என்று ஒரு மலை இருக்கிறது. அதன் தோளுக்கு மேலே வெளுத்த பாறை ஒன்று பெண்ணின் கழுத்து மாதிரி நீண்டு நிற்கும். அந்தக் கழுத்தைச் சுற்றிக்கொண்டுதான் உசுகுரா கிராமத்துக்குச் சாலை போயாக வேண்டும். வேறு வழி இல்லை. ஒரு பக்கம் பள்ளத்தாக்கு, மறுபக்கம் அதைவிடப் பெரிய பள்ளத்தாக்கு.

அது எல்லாரும் வண்ணத் தொலைக்காட்சி வாங்கிக்கொண்டிருந்த காலம். சாலைக்குப் பணம் ஒதுக்கியாகிவிட்டது. காண்ட்ராக்டை எந்த முறையில் விடுவது என்பதில்தான் சண்டை. வெட்டிய மண்ணையும் கொட்டிய ஜல்லியையும் அளந்து அளவுக்குத் தகுந்தபடி கொடுப்பதே நியாயம் என்றது ஒரு மேசை. முழு வேலைக்கும் ஒரே தொகை பேசி முடித்துவிட்டால் தலைவலி இல்லை என்றது இன்னொரு மேசை. ஜன்னலோரத்து ஆட்கள் தலைநகரத்துக் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய் வந்தவர்கள். படம் வரைவது, சாலை போடுவது, பிறகு அதைப் பராமரிப்பது எல்லாவற்றையும் ஒரே ஆள் தலையில் கட்ட வேண்டும் என்றார்கள் அவர்கள். தேநீர் கொண்டு வருகிற அம்மாள்கூட ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டாள்.

எங்கள் மேலதிகாரி ஓட்சுபாகி மிகவும் ஒழுங்கான மனிதர். கையுறைக்குக்கூட இஸ்திரி போடுவார். ஒரு நாள் எழுந்து நின்று சொன்னார்:

"சண்டை எதுக்கு? மூணையும் ஒரே மலையில விட்டுப் பாத்துருவோம். அதே மழை, அதே கல்லு, அதே மண்ணு. ஒப்பந்தம் மட்டும் வேற வேற. எது தேறுதோ அதையே மாகாணம் முழுக்க வச்சுக்குவோம். தொகுமாரு, நீ கூடவே இருந்து ஒப்பிட்டு அறிக்கை எழுது."

"நானா சார்?"

"உன்னத்தான். உன்னைப் பாத்தா யாரும் லஞ்சம் குடுக்கக் கிட்ட வரமாட்டாங்க."

என் முகத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். அது அழகான முகம் அல்ல. என்னை முதன்முதலில் பார்த்த மாமியார் மாப்பிள்ளைக்கு அண்ணன் யாராவது இருக்கிறாரா என்று கேட்டார்.

சாலையை மூன்று துண்டாக வெட்டினோம். அடிவாரத் துண்டு அளவு முறையில் கமோவுக்குப் போனது. தொந்தியும் சிரிப்புமாக இருப்பவர் அவர். நடுத்துண்டு ஒட்டுமொத்தத் தொகைக்கு நிஷிகோரிக்கு. தீக்குச்சி மாதிரி ஆள். பற்ற வைத்த குச்சியை அணைத்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்கிற ஆளும்கூட. கழுத்து வளைவு உள்ள மேல்துண்டு, வரைந்து போட்டுப் பராமரிக்கும் முறையில் ஹிருகவாவுக்கு. அவர் என் அக்கா மிட்சுயோவின் கணவர். உறவுக்காரருக்குக் கொடுக்கலாமா என்று கேட்காதீர்கள். எங்கள் பள்ளத்தாக்கில் உறவில்லாத காண்ட்ராக்டர் வேண்டுமென்றால் கடல் தாண்டித்தான் தேட வேண்டும்.

மேல்துண்டின் ஒப்பந்தத்தில் ஓட்சுபாகி தன் கையாலேயே எழுதிய ஒரு பிரிவு இருந்தது: சாலைக்கு வரும் எந்தச் சேதமும் ஒப்பந்தக்காரருக்கு வந்த சேதமாகவே கொள்ளப்படும், அவர் ஆயுள் உள்ளவரை. அதைப் படித்துவிட்டு நான் அத்தானிடம் ஓடினேன்.

"அத்தான், இது வேணாம். ஆயுசு முழுக்கன்னு போட்டிருக்கு."

"மாப்ளே, இத்தனை வருஷமா அடுத்தவன் வரைஞ்ச கோணல் படத்துக்கு நான் சாலை போட்டேன். இடிஞ்சப்போ வசவு எனக்கு. என் கையால வரைஞ்சு என் கையால போட்டா எனக்கு என்ன பயம்?"

அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "உனக்குப் பயம் இல்லன்னா அது உனக்கு விஷயம் புரியலன்னு அர்த்தம். போ, போய்க் குத்து முத்திரைய."

அவர் போய்க் குத்தினார்.

இப்போது தவறு நடந்த இடத்துக்கு வருகிறேன். ஒப்பந்தப் படிவத்தில் நில உரிமையாளரின் சம்மத முத்திரைக்கு ஒரு கட்டம் உண்டு. ஷிரகுபி மலை யாருக்கும் சொந்தமில்லை. பழைய நிலப்பதிவில் உரிமையாளர் என்ற இடத்தில் 'மலையம்மா' என்று மட்டும் எழுதியிருந்தது. அது மலையில் இருக்கும் பெண் தெய்வம். வேறு எந்த ஊராக இருந்தாலும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. ஓட்சுபாகி நகரத்துக்குப் போய் மலையம்மாவுக்கு ஒரு முத்திரை செதுக்கிக்கொண்டு வந்தார். நல்ல மரம். செலவை எழுதுபொருள் கணக்கில் போட்டார்.

பூமி பூஜை அன்று பூசாரி தன் மந்திரத்தைச் சொல்லி முடித்ததும் ஓட்சுபாகி முன்னால் வந்தார். மூன்று ஒப்பந்தங்களையும் மலையைப் பார்த்து முழுவதுமாக வாசித்தார். சம்பந்தப்பட்டவருக்கு வாசித்துக் காட்டாமல் முத்திரை வாங்குவது முறையல்லவாம். வாசித்து முடித்து, "ஆட்சேபணை இருந்தால் இப்போதே தெரிவிக்கலாம்" என்று மலையிடம் சொல்லி, காத்திருந்தார். காற்று நின்றது. ஆட்சேபணை வரவில்லை. மூன்று தாளிலும் அம்மாவின் முத்திரையைக் குத்தினார்.

அடுத்தது மீன். எங்கள் வேட்டைக்காரர்கள் மலைக்குப் போகும்போது ஒகோசே மீனைக் காய வைத்துத் தாளில் சுற்றி எடுத்துப்போவார்கள். யாரோ மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்காமல் போனது மாதிரி ஒரு முகம் அந்த மீனுக்கு. மலையம்மா தன்னை அழகில்லாதவள் என்று நினைத்து வருந்துகிறவள். தன்னைவிட அவலட்சணமாக ஒன்றைப் பார்த்தால் குளிர்ந்துபோவாள். ஆனால் வேட்டைக்காரன் முழு மீனையும் காட்டமாட்டான். தாளைக் கொஞ்சம் விலக்கி வாலை மட்டும் காட்டுவான். பன்றி கிடைத்தால் மீதி என்பான். பன்றி கிடைத்ததும் அடுத்த தடவை என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவான்.

ஓட்சுபாகிக்கு அது ஏமாற்று வேலையாகப் பட்டது. அரசு அலுவலகம் பாக்கி வைக்காது என்று சொல்லி, தாளைப் பிரித்து முழு மீனையும் தட்டில் வைத்து மலை முன்னால் நீட்டினார்.

கமோ என் காதருகே வந்தார். "தட்டுல ஒண்ணு, வரிசையில ஒண்ணு. அம்மாவுக்கு இன்னிக்கி ரெட்டை விருந்து."

நான் அன்று சளி பிடித்து முகக்கவசம் போட்டிருந்தேன்; பிறகும் மலையேறும்போதெல்லாம் தூசிக்குப் பயந்து முகத்தைத் துணியால் மூடியே இருந்தேன். அதை நினைவில் வையுங்கள்.

வேலை தொடங்கியது. அடிவாரத்தில் கமோவின் ஆட்கள் சரிவை வெட்டி மண்ணை அள்ளினார்கள். நான் அளந்தேன். மறுநாள் காலையில் போனால் வெட்டிய இடம் வெட்டாத மாதிரி இருந்தது. புல்லோடு, பூவோடு. மறுபடி வெட்டினார்கள், மறுபடி அளந்தேன். அதற்கடுத்த நாளும் அப்படியே.

"கமோ சான், மண்ணு திரும்ப வருதே."

"வரட்டுமே தம்பி! அளந்தா காசு. அம்மா ஒப்பந்தத்தை நல்லாப் படிச்சிருக்கா. அவ குடுக்குறா, நான் அள்ளுறேன். ஒனக்கென்ன வயித்தெரிச்சல்?"

அந்தக் கோடை முழுக்க அவர் அதே மண்ணை அள்ளினார். புதுக் கார் வாங்கினார். சாலை ஒரு முழம்கூட நகரவில்லை. பிறகு மண் மட்டும் வருவது நின்று வேறு பொருட்களும் வர ஆரம்பித்தன. ஒரு காலையில் மேற்பரப்பில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. கமோ சிறுவயதில் வேறு ஊர் ஆற்றில் தொலைத்தது. மூடியில் அவர் பெயர். திறந்தால் உள்ளே சோற்று உருண்டை சூடாக இருந்தது. கமோ சிரித்தார், ஆனால் சத்தம் வரவில்லை.

அடுத்த காலை ஒரு ஜோடி வேலைக்காரச் செருப்பு. கமோவின் அப்பா இதே தொழிலில் இருந்தவர். வேறொரு மலையில் மண் சரிந்து மாண்டுபோனவர், உடல் கிடைக்கவே இல்லை. செருப்பு இரண்டும் ஒழுங்காக, வாசலில் விடுவது போல, முனை எங்களைப் பார்த்தபடி வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் பின்னால் மண் லேசாக மேடாக இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் கொஞ்சம் மேடானது.

"அளக்கட்டுமா?" என்று கேட்டேன். என் வேலை அது.

"அளக்காத!" கமோவின் குரல் குழந்தைக் குரலாகிவிட்டது. "தம்பி, தயவுசெஞ்சு அளக்காத. அளந்தா அது என் கணக்குல வந்துரும்."

கார் சாவியை அங்கேயே போட்டுவிட்டு மலை இறங்கி ஓடினார். அளவு முறையைப் பற்றி என் அறிக்கையில் இப்படி எழுதினேன்: கொடுக்கிறவர் நிறுத்தமாட்டார்.

நடுத்துண்டில் கதை நேர்மாறு. ஒட்டுமொத்தத் தொகை என்பதால் நிஷிகோரி எதைக் குறைத்தாலும் அது அவருக்கு லாபம். ஜல்லியின் கனத்தைக் கொஞ்சம் குறைத்தார். தாரைக் கொஞ்சம் குறைத்தார். மலையும் அதே ஒப்பந்தத்தில் முத்திரை குத்தியவள்தானே. அவளும் குறைத்தாள். நேற்று லாரி போன இடத்தில் இன்று கைவண்டிதான் போனது. யாரும் வெட்டவில்லை, எதுவும் சரியவில்லை. சாலை ஒல்லியாகிக்கொண்டே வந்தது.

அதுவாவது பரவாயில்லை. எதிரொலிதான் என்னைப் பயமுறுத்தியது. அங்கே நின்று "நிஷிகோரி சான்" என்று கூப்பிட்டால் எதிர்ப்பாறை முன்பெல்லாம் முழுப் பெயரையும் திருப்பித் தரும். இப்போது "நிஷிகோ" என்றது. சில நாளில் "நிஷி". பிறகு ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் ரோலர் ஓட்டுகிறவர் என் எதிரிலேயே வாயைத் திறந்து கத்துகிறார், கழுத்து நரம்பு புடைக்கிறது, எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ரோலர் பின்னால் உருண்டு பள்ளத்தாக்குக்குள் போனது. அது விழுந்த ஓசையும் வரவில்லை. ஆள் குதித்துத் தப்பினார். ஆனால் ஒரு வாரம் கழித்துத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்தக் கூச்சல் அவர் வாயிலிருந்து வெளியே வந்ததாம்.

நிஷிகோரி என்னிடம் வந்து கையை விரித்தார். அவர் இரண்டு கையையும் நீட்டினால் முன்பு சாலையின் ஓரத்தைத் தொடாது. இப்போது கை சாலையைத் தாண்டி இருபக்கமும் வெளியே நீண்டது.

"தொகுமாரு சான், நான் குறைச்சது ஜல்லிலதான். அவ எதுலெல்லாம் குறைக்கிறான்னு தெரியல. நேத்து என் பொண்டாட்டி என்னை வாசல்ல பாத்துட்டு 'யாரும் வரலையே'ன்னு கதவைச் சாத்திட்டா."

மறுநாள் அவரும் மூட்டை கட்டினார். தீக்குச்சிப் பெட்டியை மறந்து வைத்துவிட்டுப் போனார் என்றால் எவ்வளவு பயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் விட்டுப்போன துண்டுகளை அலுவலகமே ஒப்பந்தம் இல்லாமல் தன் ஆட்களை வைத்து முடித்தது. இருவருக்கும் ஓடிப்போக ஒரு வழி இருந்தது. மூன்றாவது ஒப்பந்தத்தில் அது இல்லை.

ஹிருகவா அத்தான் போட்ட சாலை மிக அழகானது. கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளிச் சங்கிலி போட்டதுபோல வளைந்தது. குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. முடித்த அன்று அதன்மேல் செருப்பில்லாமல் நடந்தார். ஓட்சுபாகி என் முதுகில் தட்டினார். "பாத்தியா? இதுதான் சரியான முறை. அறிக்கைய எழுதிடு."

எழுத உட்கார்ந்தபோது அக்கா ஆள் அனுப்பினாள். போனால் அத்தான் குப்புறப் படுத்திருந்தார்.

"மரம் ஏத்துன லாரி வளைவுல போகும்போதெல்லாம் முதுகு நொறுங்குது மாப்ளே. எந்த லாரி எவ்வளவு பாரம்னு படுத்துக்கிட்டே சொல்லுவேன்."

பனிக்காலம் வந்தது. உறைபனியில் சாலை ஓரிடத்தில் வெடித்தது, எந்தச் சாலையும் வெடிக்கும். அத்தானின் குதிகாலும் வெடித்தது. நான் சாலை வெடிப்பின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து, அதைக் குதிகால் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். கிளைக்குக் கிளை ஒன்றாக இருந்தது. பிறகு தாளை மடித்தேன். அக்காவின் கண்ணில் படாமல் சட்டைப் பையில் திணித்தேன்.

வசந்தத்தில் அவருக்குச் சிறுநீர் வரவில்லை. வயிறு பானையாக வீங்கியது. டாக்டர் வந்து கையைப் பிசைந்தார். அக்கா மட்டும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினாள்:

"வடிகாலப் போய்ப் பாருடா!"

ஓடினேன். கழுத்து வளைவின் வடிகாலில் இலையும் செத்த பறவையும் அடைத்துக்கொண்டிருந்தன. கையை விட்டு இழுத்தேன். தண்ணீர் பீறிட்டது. அதே நேரத்தில் கீழே வீட்டில், டாக்டரின் புதுக் கால்சட்டை பாழாயிற்று என்று பிறகு தெரிந்தது. நான் திரும்பி வந்தபோது அத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா சிரிக்கவில்லை. அவள் ஜன்னல் வழியாக மலையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோடை முடிவில் அந்த வளைவில் குறுக்காக ஒரு கோடு தெரிந்தது. முதலில் நூல் மாதிரி. அத்தானின் கழுத்திலும் ஒரு நூல், சிவப்பாக. மலையே அந்த இடத்தில் மெல்ல நழுவிக்கொண்டிருந்தது. எந்த மனிதனின் படமும் அதைத் தடுத்திருக்காது. கோட்டில் விரல் நுழைந்தது. அத்தான் பேசும்போது குரலோடு ஒரு விசில் சத்தமும் வர ஆரம்பித்தது, வாயிலிருந்து அல்ல. சூறாவளிப் பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த மழையில் கழுத்து வளைவு பிரிந்து பள்ளத்தாக்கில் விழும் என்பது எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், படுக்கையில் கிடந்த அவருக்கும் தெரியும்.

ஓட்சுபாகியின் மேசை முன் போய் விழுந்தேன். "அந்தப் பிரிவை நீக்குங்க சார்."

அவர் முகம் வெளுத்திருந்தது, ஆனால் முறை முறைதான். "ஒப்பந்தத்தை மாத்தணும்னா எல்லாத் தரப்பும் முத்திரை குத்தணும்."

"அவ முத்திரை உங்க மேசை டிராயர்லதானே இருக்கு?"

"அவ சம்மதம் இல்லாம நான் குத்தினா அது மோசடி." குரலைத் தாழ்த்தினார். "அதுவும் இல்லாம, தொகுமாரு, டிராயரத் தொறக்கப் பயமா இருக்கு. உள்ள ஏதோ மூச்சு விடுது."

வானொலி சூறாவளி கரையைத் தொடும் என்றது. மத்தியானமே வானம் செம்பு நிறமாகிவிட்டது, ஒரு பறவைகூட இல்லை. அத்தானின் கழுத்துக் கோடு இப்போது வாய் மாதிரி திறந்து மூடியது. அக்கா அவருக்குத் துணியைச் சுற்றிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க மூணு முறையத்தானே ஒப்பிட்டீங்க? நாலாவது ஒண்ணு இருக்கு. வேட்டைக்காரன் முறை. முழுசாக் காட்டினதுதான் தப்பு. அவளுக்குக் காத்திருக்க ஒண்ணும் மிச்சம் வைக்கல நீங்க."

"ஒகோசேய அவ முழுசாப் பாத்துட்டாளே அக்கா. இன்னொரு மீன் காட்டுனா ஏமாறுவாளா?"

"மீன யாரு சொன்னா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். உடன்பிறந்தவளின் கண்ணில் அப்படி ஒரு திருப்தியை நான் அதுவரை பார்த்ததில்லை.

"பூஜையன்னிக்கி நீ கவசம் போட்டிருந்த இல்ல? அவ உன் மூஞ்சிய இன்னும் பாக்கல."

வெள்ளைத் தாளால் என் தலையைச் சுற்றிக் கட்டினாள். மூச்சுக்கு மட்டும் ஒரு கிழிசல் விட்டாள். ஓட்சுபாகியும் வந்தார். மழைக்கோட்டு, கையுறை, கையில் புதிய ஒப்பந்தத் தாளும் அம்மாவின் முத்திரைப் பெட்டியும். அவர் பற்கள் அடித்துக்கொள்வது தாளுக்குள் இருந்த எனக்கே கேட்டது.

கழுத்து வளைவில் என்னை நிறுத்தினார்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை, கேட்கத்தான் முடிந்தது. கோடு இப்போது என் பாதம் நுழையும் அகலம். அதிலிருந்து குளிர்ந்த காற்று வந்து என் கால்சட்டையை உப்பவைத்து, பிறகு உள்ளே இழுத்தது. வெளியே, உள்ளே. வெளியே, உள்ளே. மீன் வாடை. மேலே எங்கோ சிறு கற்கள் டக் டக் என்று உருண்டன. யாரோ பல்லைக் குத்துவது போல.

"மலையம்மா" என்றாள் அக்கா. குரல் நடுங்கவில்லை. "இத மட்டும் பாத்துக்கோ." தாளில் ஒரு இடத்தைக் கிழித்து என் மூக்கை வெளியே எடுத்தாள்.

உருண்ட கற்கள் நின்றன. மழை வலுத்துக்கொண்டிருந்தது, ஆனால் என்மேல் மட்டும் விழவில்லை. எதுவோ எனக்கு மேலே கவிந்து நின்றது. நீண்ட ஈரமான முடி ஒன்று என் மணிக்கட்டின்மேல் படிந்து, மெதுவாக நகர்ந்து, விலகியது. என் மூக்குக்கு வெகு அருகில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரு சத்தம். பாதத்துக்கு அடியிலிருந்து, எலும்பு வழியாக. நான் சூறாவளி கேட்டிருக்கிறேன், மண்சரிவு கேட்டிருக்கிறேன். அதைவிடப் பயங்கரமான சத்தத்தை என் வாழ்நாளில் கேட்டதில்லை. மலை தன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

"போதும்" என்று அக்கா என் மூக்கை மூடினாள். "மீதி அப்புறம். இந்த வளைவு அசையாம இருந்தா அடுத்த வருஷம் ஒரு காது. வருஷத்துக்கு ஒரு பாகம். முழுசும் பாத்து முடிச்சப்புறம் வேணா பழைய ஒப்பந்தத்துக்குப் போய்க்கோ."

ஓட்சுபாகி தாளையும் முத்திரையையும் வெடிப்பின் ஓரத்தில் வைத்தார். கையெழுத்திடுகிறவரை உற்றுப் பார்ப்பது அநாகரிகம் என்று எங்கள் இருவரையும் திருப்பி நிறுத்தித் தானும் திரும்பி நின்றார். வெடிப்பு பலமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தது. அவர்கள் திரும்பியபோது தாளில் சிவப்பு முத்திரை நேராக, கட்டத்துக்கு நடுவில் விழுந்திருந்ததாக அக்கா பிறகு சொன்னாள். குத்துகிற முத்திரைக் கட்டையைத்தான் காணவில்லை. அதை அவளே வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் எப்போதாவது யாரும் குத்தாத தாள்களில் அந்தச் சிவப்பு தெரியும். அந்த வேலைகளை நாங்கள் மறுபேச்சில்லாமல் செய்துவிடுவோம்.

சூறாவளி வந்து போனது. கழுத்து வளைவு நின்றது. அத்தானின் கழுத்தில் வாய் மூடி, தழும்பு மட்டும் மிஞ்சியது.

அன்றிலிருந்து நான் கவசமும் கறுப்புக் கண்ணாடியும் காதுவரை இழுத்த தொப்பியும் இல்லாமல் வெளியே போனதே இல்லை. ஊரின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் அந்த மலை தெரியும். எந்த மூலையும் அதற்குத் தெரியும். வருடா வருடம் இலையுதிர் காலத்தில் போய் ஒரு பாகத்தைக் காட்டினோம். சிக்கனமாகத்தான். காதை மடல் வேறு, துளை வேறு என்று பிரித்தோம். இமையையும் கண்ணையும் சேர்த்துக் காட்டவில்லை. புருவத்துக்கு ஒரு வருடம் கிடைத்தது. ஆனாலும் மனிதனுக்கு முகம் ஒன்றுதான். போன வருடம் மிச்சம் இருந்தது கீழுதடு மட்டும்.

அத்தான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து தன் நல்ல சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். "இத்தனை வருஷம் கெடைச்சதே பெரிசு மாப்ளே" என்று என் கையைப் பிடித்தார். 

வளைவில் நின்று உதட்டைக் காட்டினோம். பாதத்துக்கு அடியில் அந்தச் சிரிப்பு, இந்த முறை அடக்கப்படவில்லை. பழைய கோடு சாலையின் குறுக்கே மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அவசரப்படாதடி" என்றாள் அக்கா. மலையை அப்படி அழைத்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். "நீ பாத்த மூக்கு எப்பப் பாத்தது? இப்பப் பாரு." முதல் வருடம் காட்டிய மூக்கை மறுபடி வெளியே எடுத்தாள். "பாத்தியா? மயிர் மொளைச்சு, மரு வந்து, கோணி, கீழ தொங்கிப்போச்சு. இது அந்த மூஞ்சியே இல்ல. பழைய சரக்கு தீந்துபோச்சு. இது புதுசு, முன்னவிட மோசம். முழுசும் பாக்கணுமா வேணாமா?"

வெடிப்பு நின்றது. வெகுநேரம் மூச்சே இல்லை. அந்த நேரத்தில் நான் அத்தானை நினைத்தேன். நல்ல சட்டையில், பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு ஈரமான முடி ஒன்று என் மூக்கைத் தடவிப் பார்த்தது. மருவை இரண்டு முறை தடவியது.

கோடு மெல்ல மூடிக்கொண்டது.

இந்த வருடம் மறுபடி இடது காது மடலிலிருந்து தொடங்குகிறோம். அத்தான் நலம், லாரிகளின் பாரத்தை இன்னும் சரியாகச் சொல்கிறார்.

அளந்து கொடுப்பது, ஒரே தொகை பேசுவது, ஆயுளுக்கும் ஒருவர் தலையில் கட்டுவது ஆகிய மூன்றையும்விட, போட்ட சாலை நிலைத்திருக்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவதே சிறந்த முறை என்று என் ஒப்பீட்டு அறிக்கையை முடித்திருக்கிறேன். முகப்புத் தாளில் எழுதியவரைப் பற்றிய விவரங்களுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதால் அதையும் நிரப்பி முத்திரை குத்திவிட்டேன். முத்திரை குத்தியதில் பொய் இருக்காது என்று முதலிலேயே சொன்னேன்.

உடன்பிறந்தவர்கள்: எவரும் இல்லை.